நாலாம் நம்பர் பிரஸ்

ஆடிட் வருகிறது என்றால் அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று வெட்கம் வந்துவிடும். தரையில் அழிந்துபோன மஞ்சள் கோடுகளுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள். கக்கூஸில் சோப்பு வைப்பார்கள். ஒரு பஞ்சுருண்டையும் காலாவதியான டிஞ்சர் புட்டியும் மட்டுமே கிடக்கும் முதலுதவிப் பெட்டியில் மருந்து நிறையும். மத்திகிரி நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் வாடகைக்கு வந்து வாசலில் வரிசை கட்டும். ஆடிட்காரர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் தொட்டிகள் வண்டி ஏறும். சோப்பு எங்கே போகும் என்பது அந்தச் சோப்புக்கே தெரியாது.

எல்லா இடத்திலும் உள்ள கூத்துதான் என்று விட்டுவிடலாம். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பதை யார் குறை சொல்லப்போகிறார்கள்? ஆனால் இங்கே மனுஷர்களையும் மாற்றிவிடுவார்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையின் உட்சந்து ஒன்றில் இருக்கும் அந்தக் கம்பெனி, வண்டிகளுக்கான ரப்பர் உருப்படிகள் செய்கிறது. புஷ், வாஷர், கதவில் ஒட்டுகிற பட்டை. பிரஸ் என்கிற மெஷின்தான் அதற்கு உயிர். கொதிக்கிற இரும்பு அச்சில் குழி குழியாகப் பச்சை ரப்பர்த் துண்டுகளை வைத்து மூடினால், மெஷின் அமுக்கிப் பிடித்து வேகவைக்கும். வெந்ததும் பீப் என்று கூப்பிடும். திறந்து, பித்தளைக் கம்பியால் நெம்பி எடுக்க வேண்டும். இட்லிச் சட்டி மாதிரிதான். ஆனால் இந்த இட்லியைக் கொஞ்சம் அசந்து எடுத்தால் அச்சின் விளிம்பு முன்கையில் கோடு போட்டுவிடும்.

பிரஸ்ஸில் நிற்கிறவன் ஐடிஐயோ டிப்ளமோவோ படித்திருக்க வேண்டும் என்பது உருப்படி வாங்குகிற வண்டிக் கம்பெனிக்காரர்களின் சட்டம். படித்தவர்கள் அந்தச் சூட்டில் நிலைப்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் போனதுதான். அதனால் எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன்களைக் காண்ட்ராக்டர் மூலம் பிடித்து, காகிதத்தில் ஹவுஸ்கீப்பிங் என்று போட்டு, பிரஸ்ஸில் நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கும் ஆப்பரேட்டர்களின் முழுக்கை நீலக் கோட்டுதான். மெஷினில் நிற்கும்போது சூடு தாங்காமல் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்வார்கள். ஆடிட் அன்று மட்டும் அதைக் கழற்றி ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கும் டிப்ளமோ பையன்களிடம் கொடுத்துவிட்டு, அரைக்கை வைத்த சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு வெளியே போய்விட வேண்டும்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவன் ஆனந்த். வயது பத்தொன்பது. அப்பா வெள்ளைச்சாமிக்கு ஜூஜுவாடி லாரி ஷெட்டில் லோடுமேன் வேலை. அம்மா நாகம்மாள். தங்கை பூங்கொடி பதினொன்றாவது படிக்கிறாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கிளம்பி வந்து, மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியேறியவர்கள். ஒரே சுவரில் முதுகு ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்ம வேண்டும்.

வந்த புதிதில் ஆனந்தை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மீதியில் பாதிக்குக் கன்னடம். தமிழ் பேசுகிறவர்களும் இவன் பேச்சைத் தமிழென்று ஒத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து "என்னல" என்றால் வகுப்பே சிரிக்கும். அவன் திறப்பதைக் குறைத்துக்கொண்டான். அப்புறம் கொரோனா வந்தது. பாடம் போனில் நடந்தது. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு லாரி ஷெட்டுக்குப் போய்விடும். அவன் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனான். பள்ளிக்கூடம் திறந்ததும் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தான். போர்டில் இருந்த கணக்கு யாருக்கோ யாரோ போட்ட கணக்காக இருந்தது. இடைவேளையில் வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. அவனை யாரும் விரட்டவில்லை. இரு என்று சொல்லி யாரும் கையைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. இந்த நாட்டில் ஒரு பையன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவது அவ்வளவு சுலபம்.

பிரஸ்ஸுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது. "நாலாம் நம்பர் ஆனந்த்" என்றால் ஸ்டோர்ஸ் வரைக்கும் தெரியும். நீலக் கோட்டோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "கம்பெனியா, உள்ள போங்க" என்று மரியாதையாகச் சொல்வார். கூட வேலை செய்த பையன்கள் எல்லாருக்கும் இதே கதைதான். பாகலூர் தினேஷ்குமாருக்கு வீட்டில் தெலுங்கு. பத்தாவதில் தமிழ்ப் பாடம் மட்டும் கவிழ்த்துவிட்டது. அவர்கள் சாயங்காலம் டீக்கடை முன்னால் கோட்டைக் கழற்றாமலே நிற்பார்கள். கழற்றினால் அவர்கள் யார் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

நாகம்மாளுக்கு அந்த நீலக் கோட்டு என்றால் உயிர். அதைத் துவைத்து, லைன் வீட்டின் பொதுக் கொடியில் எல்லார் கண்ணிலும் படுகிற முனையில்தான் காயப்போடுவாள். ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும், "ஆனந்து மெசின் ஓட்டுதாம்லா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். அவனே சொல்லி, அம்மாவையும் கம்பெனி கேண்டீனில் பரிமாற, பாத்திரம் கழுவச் சேர்த்துவிட்டிருந்தான். அவள் சேர்ந்து ஒரு மாசம் முடியவில்லை, ஆடிட் வந்துவிட்டது. ஆடிட் அன்று தான் துடைப்பம் பிடிப்பதை அவன் வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் பத்தொன்பது வயதில் யார்தான் சொல்லுவான்?

அன்றைக்கு விடிந்ததிலிருந்து வானம் மூடாக்கு. ஓசூர்க் குளிர் தெற்கத்தி எலும்புக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. நாகம்மாள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் சமையலில் நின்றாள். ஆடிட்டை முன்னிட்டு அவரைக்கொட்டைக் குழம்பு, ராகிக் களி, சோறு, வடை, பாயசம். பெரியவர்களுக்கு மாடியில் தனியாக மேஜை போட்டிருந்தார்கள். ஆனால் வண்டிக் கம்பெனியிலிருந்து ஆடிட் பண்ண வந்த பெண் அதிகாரி சுசித்ரா, தொழிலாளிகள் சாப்பிடுகிற இடத்தில்தான் சாப்பிடுவேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டார். பின்னால் ஷிப்ட் சூப்பர்வைசர் குருமூர்த்தி கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"களி வைக்கட்டாம்மா? சுடச்சுட இருக்கு" என்றாள் நாகம்மாள்.

"வைங்க. உங்க பேச்சு இந்தப் பக்கம் மாதிரி இல்லையே. எந்த ஊர்?"

அவ்வளவுதான். ஓசூருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல் ஊர் கேட்ட முதல் ஆள்.

"சங்கரங்கோயில் பக்கம் மேடம். வந்து ரொம்ப வருசமாச்சு. ரெண்டு பிள்ளைய. மூத்தவன் இங்கனதான் மெசின் ஓட்டுதான். நாலாம் நம்பரு."

சுசித்ரா நிமிர்ந்து பார்த்தார். "நாலாம் நம்பரா? காலையில பார்த்தேனே. மணிகண்டன்னு ஒரு டிப்ளமோ பையன் இல்ல நின்னாரு?"

"அது யாரோ தெரியலையே. ரெண்டு வருசமா எம் மவன்தான் நிக்கான். அவனத் தவிர ஒருத்தரும் தொட மாட்டாவ." களிக்கரண்டியோடு கையை நீட்டியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டாள். சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆனந்த் முற்றத்தில் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத வேகத்தில் தொண்டை திறந்துகொண்டது.

"ஏல ஆனந்து! நீ என்னல அங்கன வாரியலைப் பிடிச்சுட்டு நிக்க? மெசின யாருட்டல குடுத்த?"

கேண்டீன் முழுக்கத் தட்டுச் சத்தம் நின்றது. குருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். வெளியே துடைப்பத்தோடு நின்ற மற்றப் பையன்கள் ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். ஆனந்த் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினான்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதைச் சபையில் எடுத்துக் காட்டினால் குஞ்சுக்குத்தான் ஆபத்து என்று காக்கைக்கு யார் சொல்வது?

சாயங்காலம் குருமூர்த்தி பைக்கில் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். பேரிகைப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்காரர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்தாவது ஆறியிருக்கலாம். அவர் வருவதற்கு முன்பே தினேஷ்குமாரும் இன்னும் சில பையன்களும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் உள்ளே வரவில்லை.

"என்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார் குருமூர்த்தி, நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்து. "அந்த மேடம் பிடிச்சுக்கிட்டாங்கோ. நான்தான் சமாளிச்சு வெச்சிருக்கேன். அந்தம்மா புள்ள மேல இருக்கற பாசத்துல பெருமைக்குச் சொல்லிட்டாங்கோ, பையன் ஹவுஸ்கீப்பிங்தான்னு சொல்லிட்டேன். நாளைக்கு உங்க ரெண்டு பேரையும் நேர்ல பாக்கணும்னு சொல்றாங்கோ."

"பாக்கட்டும். உள்ளதச் சொல்லுதேன்."

"உள்ளதச் சொன்னா என்னா ஆவும் தெரியுமா? ஆர்டர் நின்னுபூடும். சர்டிபிகேட் இல்லாத பசங்க ஒருத்தனையும் கேட்டுக்குள்ள விடமாட்டாங்கோ. உங்க பையன் மட்டும் இல்ல, இதோ நிக்கறானுங்களே, எல்லாரும் நாளன்னிக்கு ரோட்டுல."

வாசலில் இருந்து தினேஷ்குமார் பேசினான். "தவள தன் வாயால கெடும்னு சொல்வாங்கோ ஆன்ட்டி. இங்க உங்க வாயால நாங்க கெட்டோம்."

"டேய், எங்கம்மாவப் பேசாத" என்றான் ஆனந்த்.

"பேசாம என்னாடா பண்றது? எங்கப்பா தண்ணி போட்டுட்டு தெனம் கேக்கறாரு, ஸ்கூல்தான் வுட்ட, வேலையாவது நிப்பியான்னு. நின்னேன். ரெண்டு வருசம் நின்னேன். இப்ப போயி என்னான்னு சொல்லட்டும்?" அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கத் தெருவில் காறித் துப்பினான்.

நாகம்மாள் மகனைப் பார்த்தாள். "ஏம்ல எங்கிட்டச் சொல்லல? ஒவ்வொரு ஆடிட்டுக்கும் வாரியலக் குடுத்து வெளிய தள்ளுவாவளா?"

"ரெண்டு நாள்தானம்மா. அப்புறம் கோட்டத் திருப்பித் தந்துருவாங்க."

"ரெண்டு நாளுன்னா அது அவமானம் இல்லையால?"

 குருமூர்த்தி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒரே வார்த்தைதாம்மா. எம் பையன் கூட்டறவன், நான் பெருமைக்குச் சொல்லிட்டேன். அவ்ளோதான். சொல்லிட்டா எல்லாரும் பொழச்சுக்குவோம். எனக்கும் சேத்துதான் சொல்றேன்."

அவர் போன பிறகு வெள்ளைச்சாமி வந்தார். முதுகு முழுக்கச் சிமெண்ட் தூசி. விஷயத்தைக் கேட்டுக்கொண்டே காலைக் கழுவினார். "இதுக்கா இவ்வளவு பேச்சு? சொல்லிட்டு வா. சொல்லுக்கு என்ன வாடகையா குடுக்கணும்?"

"உமக்கென்ன. நீரா சொல்லப் போறீரு."

"நான் தெனமும் சொல்லுதேன்ட்டி. ஷெட்டுல மொதலாளி ஏசும்போதெல்லாம் தப்பு என்னுதுதான் சாமின்னு சொல்லுதேன். எனக்கு என்ன தேஞ்சா போச்சு?"

தேய்ந்திருந்தது. அந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். 

ஆனந்துதான் அம்மாவைச் சொல்லிப் பார்க்கச் சொன்னான். அங்கே போய் உளறிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். பூங்கொடி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளையே ஆடிட்டராக நிறுத்தினான்.

"உங்க பையன் என்னம்மா வேலை பார்க்கிறார்?" என்று பூங்கொடி கரண்டியோடு கேட்டாள்.

"மெசின்..." என்று ஆரம்பித்தாள் நாகம்மாள்.

"ஐயோ அம்மா!"

"இருல. வாய்க்குப் பழகிப் போச்சு. திரும்பக் கேளுட்டி."

"உங்க பையன் என்ன வேலை?"

"கூட்டுத வேல." அது பாதித் தொண்டையில்தான் வந்தது.

"சத்தமாச் சொல்லும்மா. அப்புறம் அந்தம்மா நம்பாது" என்றான் ஆனந்த். மறுபடி கேட்கச் சொன்னான். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவையில் பூங்கொடி கரண்டியைச் சட்டியில் போட்டாள். "எனக்கு இந்த விளையாட்டு வேண்டாம். அவன் பிரஸ்ல நிக்குற சம்பளத்துலதான் நான் ஸ்கூலுக்குப் போறேன். அவனைக் கூட்டறவன்னு சொல்லச் சொல்லி நான் எதுக்குக் கேக்கணும்?" ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் கூட்டம் போடுகிற அறைக்கு இருவரையும் கூட்டிப் போனார்கள். அப்படி ஒரு அறை அந்தக் கட்டடத்தில் இருப்பதே நாகம்மாளுக்குத் தெரியாது. வெளியில் இருக்கிற குளிர் போதாதென்று உள்ளே ஏசி வேறு. மேஜையில் பிஸ்கட். சுசித்ரா எதிரில் உட்காரச் சொன்னார். குருமூர்த்தி சுவரோரம் நின்றுகொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. நேத்து நீங்க சொன்னதைத்தான் கேட்கப் போறேன். உங்க பையன் என்ன வேலை பார்க்கிறார்?"

"கூட்டுத வேல மேடம். மெசின் ஓட்டுதான்னு நான் பெருமைக்குச் சொல்லிட்டேன். ஊர்ல எல்லாருட்டயும் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு."

தடங்கல் இல்லாமல் வந்தது. குருமூர்த்தி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. சுசித்ரா ஆனந்தைப் பார்த்தார். "நீங்க?"

"ஹவுஸ்கீப்பிங் மேடம்."

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஒம்பதாவது பாதி."

அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். அப்படியே முடிந்திருக்கும். பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினார். மரியாதைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவனும் கையை நீட்டினான். அரைக்கைக் கோட்டு. முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரைக்கும் குறுக்குக் குறுக்காகத் தழும்பு, ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. சிலது வெளுத்துப் பழசாகியிருந்தது. ஒன்று இன்னும் பொருக்குக்கூட உதிரவில்லை.

"இது என்ன?"

ஆனந்த் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிஸ்கட்டை எடுக்கவும் இல்லை. சுவரோரம் நின்ற குருமூர்த்தியின் முகம் வெளுத்துப்போயிற்று. சூடான அச்சின் கோடு எப்படி இருக்கும் என்று ரப்பர் கம்பெனிகளையே சுற்றிவருகிற ஆளுக்குத் தெரியாதா? இதற்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"நான் போட்டது மேடம்" என்றாள் நாகம்மாள்.

"என்ன?"

"சூடு. நான்தான் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போ மாட்டேன்னு நின்னான். தோசைக் கரண்டியக் காய வச்சு இழுத்துட்டேன்."

சுசித்ராவின் பேனா நின்றுவிட்டது. "இத்தனை தடவையா?"

"அத்தன தடவையும் போ மாட்டேன்னுட்டான்."

 நாகம்மாள் முந்தானையை இழுத்து மகனின் கைமேல் போட்டு, அந்தப் பொருக்குக் கட்டிய கோட்டை மூடினாள். அந்த அதிகாரி நம்பினாரோ, நம்பிவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்று விட்டாரோ, யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு அவர் நாகம்மாளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நேற்றுக் களி வாங்கும்போது ஊர் கேட்டவரின் அதே கண், ஒரு தாயைப் பார்க்கக் கூசியது. ஆனந்திடம் மட்டும் பேசினார். "இப்பவும் வயசு போயிடலப்பா. தனியா எழுதலாம், ஓப்பன் ஸ்கூல் இருக்கு. வீட்டுல அடிச்சாங்கன்னு வாழ்க்கையை விட்டுடக் கூடாது."

"சரிங்க மேடம்" என்றான் ஆனந்த்.

வராந்தாவில் குருமூர்த்தி ஓடிவந்து கும்பிட்டார். "பெரிய ஆளும்மா நீங்க. எனக்கே ஒரு நிமிசம் நெசம்னு தோணிப் போச்சு. எல்லாரையும் காப்பாத்திட்டீங்க." மிஞ்சிய பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தார். அவள் அதைக் கேண்டீன் மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

பஸ்ஸில் அம்மாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்கள். பஸ் கால்நடைப் பண்ணையைத் தாண்டியது.

"நீ என்னைய ஒருநாள்கூட அடிச்சதில்லையேம்மா" என்றான் ஆனந்த்.

"தெரியும்ல."

"நான் ஸ்கூல விட்டப்பகூட ஒண்ணும் சொல்லல. தலையத்தான் தடவுன."

"அன்னைக்கு அடிச்சிருந்தா போயிருப்பியோ என்னவோ."

"பின்ன எதுக்கும்மா அப்படிச் சொன்ன? வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே."

"வேற என்னத்தச் சொல்ல? அவ கேட்டாள்லா. நீ நிக்க, அவரு நிக்காரு, ஒருத்தருக்கும் வாய் வரல. உன் வேல போயிரும்னு பட்டுச்சு. வாயில வந்தது வந்துருச்சு."

"அந்தம்மா உன்னைய எப்படிப் பாத்துச்சு தெரியுமா?"

"பாத்துட்டுப் போறா."

"எனக்குப் பத்திட்டு வருதும்மா" என்றான். சொன்னவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அழுதான் என்று நினைக்க வேண்டாம், அவனுக்குக் கோபம். யார்மேல் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாத கோபம். அதுதான் ஆளைத் தின்னும். நாகம்மாள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். தழும்புமேல் படுமே என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் குரோட்டன்ஸ் தொட்டிகள் வண்டி ஏறின. சோப்பும் போய்விட்டது. டிப்ளமோ பையன்கள் நீலக் கோட்டுகளை மடித்துக் கொடுத்துவிட்டு, தரம் பார்க்கிற பிரிவுக்கும் ஸ்டோர்ஸுக்கும் திரும்பிப் போனார்கள். அச்சுகள் சூடேறி நின்றன. வெளியே லாரி காத்திருந்தது. ரெண்டு நாள் மந்தமாக ஓடியதில் அனுப்ப வேண்டிய சரக்கு அப்படியே பாக்கி.

"வா வா ஆனந்த், கோட்ட மாட்டு. நாலாம் நம்பர ஸ்டார்ட் பண்ணு" என்று குருமூர்த்தி கூப்பிட்டார்.

ஆனந்த் சாம்பல் கோட்டோடு வந்து நின்றான். கையில் துடைப்பம் இருந்தது.

"என்னாடா இது?"

"எந்தப் பக்கம் கூட்டணும் சார்?"

"வெளையாடாத. டிஸ்பாட்ச் நிக்குது."

"வெளையாடல சார். நேத்து எழுதிட்டுப் போயிருக்காங்க, நான் கூட்டறவன்னு. எங்கம்மா வாயாலச் சொல்லிச்சு. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."

"அது அவங்களுக்குச் சொன்னதுடா!"

"எனக்கும் கேட்டுச்சு சார்." அவன் கையை நீட்டித் தழும்பைக் காட்டினான்.  "எங்கம்மா எனக்குச் சூடு போட்டுச்சாம். இந்த மெஷின் போட்ட கோட்ட எங்கம்மா போட்டதுன்னு சொல்ல வெச்சிட்டீங்க. இதுக்கு மேல நான் எப்படி சார் இதத் தொடறது?"

அவன் குனிந்து நாலாம் நம்பர் பிரஸ்ஸைச் சுற்றிக் கூட்ட ஆரம்பித்தான். மூன்றாம் நம்பரில் நீலக் கோட்டுக்கு ஒரு கை நுழைத்திருந்த தினேஷ்குமார் அப்படியே நின்று பார்த்தான். அவனுக்கு வேலை வேண்டும். அந்த வேலைக்காகத்தான் முந்தாநாள் தூறலில் நின்று அழாத குறையாகப் பேசினான். "ஏமிரா இதி" என்று தெலுங்கில் முணுமுணுத்தான். பிறகு நுழைத்த கையை வெளியே எடுத்தான். கோட்டை மெஷின்மேல் போட்டுவிட்டுத் துடைப்பம் தேடிப் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். எல்லாரும் போகவில்லை, பயந்தவர்கள் மெஷினை ஓட்டினார்கள். பயந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? பாதி பிரஸ்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றன. அச்சுக்குள் முந்தின ஷிப்ட் விட்டுப்போன ரப்பர் கருகுகிற நாற்றம் கேண்டீன்வரை வந்தது.

நாகம்மாள் களிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்யும் காவேரி ஓடிவந்து விஷயத்தைச் சொல்லி வாய் மூடுவதற்குள் குருமூர்த்தியே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"உங்க கால்ல வேணாலும் வுழறேம்மா. மேல இருந்து போன் மேல போன். அவனத் தள்ளிட்டு வேற ஆள நிறுத்தினா மத்தவனுங்களும் தொடப்பத்தோட வெளிய போயிடுவானுங்கோ. பெத்தவ ஒரு வார்த்த சொன்னா கேப்பான். வந்து சொல்லுங்கோ."

 வாடகை வீடு, பூங்கொடியின் படிப்பு, ஒரே கேட்டுக்குள் இரண்டு பேரின் வேலை, எல்லாம் நாகம்மாளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லணும் சார்?"

"மெஷின்ல நிக்கச் சொல்லுங்கோ."

"எந்த மெசின்ல?"

"என்னாம்மா நீங்களும்... நாலாம் நம்பர்லதான்."

"எம் மவன் கூட்டுதவம்லா சார்" என்றாள் நாகம்மாள். நேற்றைப் போலவே தடங்கல் இல்லாமல் வந்தது. "படிக்கலன்னு நான் சூடு போட்டு வளத்த பய. அவன் மெசின் ஓட்டுதான்னு சொன்னேன், பொய்யின்னு சொல்ல வச்சிய. அவன் கூட்டுதவன்னு சொன்னேன், இப்ப அதையும் பொய்யின்னு சொல்லச் சொல்லுதிய. ஒரு வாய வச்சுக்கிட்டு நான் எத்தனைதான் சொல்ல?"

"இப்ப என்னாதான் பண்ணச் சொல்றீங்க?"

"அந்த மேடத்துக்குப் போன் போடுங்க. அந்தத் தழும்பு எங்க வாங்குனதுன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. நாலாம் நம்பர ஓட்டுதது யாருன்னும் சொல்லுங்க. எம் மவன் அதக் கேக்கட்டும். அப்புறம் நானே போயி அவனுக்குக் கோட்ட மாட்டி விடுதேன்."

குருமூர்த்தி கையில் இருந்த போனைப் பார்த்தார். அது அடித்துக்கொண்டேதான் இருந்தது. எடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.  உலை கொதித்துவிட்டிருந்தது. நாகம்மாள் மாவைக் கொட்டி, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்ட ஆரம்பித்தாள்.